எல்லோருக்குமான வெளி – 11: ரெண்டு படிதான் சார்!

ஏலகிரி மலையில் சக்கர நாற்காலியோடு தங்க இடம் தேடிப் போன் செய்தால், எடுத்ததும் வருகிற பதில் இதுதான்: "படியெல்லாம் இல்லைங்க சார், தாராளமா வாங்க." வாசலில்? "வாசல்ல மட்டும் ரெண்டு படி. அதுக்கென்ன, பசங்க இருக்காங்க, தூக்கிடுவாங்க." பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்? கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எல்லா பாத்ரூம் மாதிரியும்தான் சார் இருக்கும்."

பேசுகிறவர் மனசார உதவ நினைக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. மடக்குகிற வகைச் சக்கர நாற்காலியில் கை வைக்கும் பகுதியும் கால் வைக்கும் பகுதியும் பெரும்பாலும் கழற்றி மாட்டக்கூடியவை. அவசரத்தில் நாலு பேர் நாலு பக்கம் பிடித்துத் தூக்கினால், ஒருவர் கையில் அந்தத் துண்டு மட்டும் கழன்று வரும். நாற்காலி ஒருபக்கம் சரியும். சட்டத்தைப் பிடிக்க வேண்டும், நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்க்க வேண்டும், பின்னால் நிற்கிற ஒருவர் மட்டும் 'ஒண்ணு, ரெண்டு' சொல்ல வேண்டும். பேட்டரியில் ஓடுகிற நாற்காலி என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதன் எடை அப்படி. எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் பனி பார்க்க வெளியே வர ஆசைப்படுகிறவர், அதற்காக இரண்டு பேரை எழுப்ப வேண்டும். டீ குடித்துத் திரும்பும்போது மறுபடியும் கூப்பிட வேண்டும். மாட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வார்.

இந்தத் தொடரில் பள்ளி வாசல், பேருந்துப் படி, அலுவலக லிஃப்ட் எல்லாம் பார்த்துவிட்டோம். இந்த வாரம் விடுமுறை. "படிப்புக்கும் வேலைக்குமே வழி பிறக்கலை, அதுக்குள்ள மலையேத்தமும் படகுமா?" என்று கேட்கிற நல்ல மனிதர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் நெருங்கிய நண்பர்கள் எங்கே கிடைத்தார்கள் என்று. கல்லூரிச் சுற்றுலா போன பேருந்தில், ராத்திரி முழுக்கத் தூங்காமல் பேசிக்கிடந்த மொட்டைமாடியில் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதே சுற்றுலாவுக்கு, "நீ எதுக்குப்பா சிரமப்படணும், வீட்ல ரெஸ்ட் எடு" என்று அன்பாகச் சொல்லி வீட்டிலேயே விடப்பட்ட ஒருவர் அந்த வகுப்பில் இருந்திருப்பார். பிறகு அவருக்குப் படிப்பு முடிந்திருக்கும், வேலைகூடக் கிடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடைத்திருக்காது.

சட்டம் இதை மறக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-வது பிரிவு பொழுதுபோக்கையும் ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே பேசுகிறது; சுற்றுலா இடங்களையும் சேர்த்துச் சொல்கிறது. 2007-ல் இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது. நம்முடைய 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவும் பண்பாடு, பொழுதுபோக்கு பற்றியதே. படித்தால் மனம் நிறையும். ஊர்ப்பக்கம் ஒரு படகுத்துறைக்குப் போனால்தான் அந்த வரிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரியும்.

மாற்றுத்திறனாளிகளை வெளியே அழைத்துப் போவது நம் ஊரில் நடக்காமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 நெருங்கினால் பேருந்து வரும், பேனர் வரும், ஒரே நிறத்தில் தொப்பி வரும். ஏற்பாடு செய்கிறவர்களின் உழைப்பு உண்மையானது. கடலையே அப்படி ஒரு நாளில்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்ன நடுவயதுக்காரர் ஒருவரின் முகம் எனக்கு மறக்காது. ஆனால் யாரோடு வருவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, அலைக்குப் பக்கத்தில் இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் அன்றைக்கு முடிவுசெய்தது வேறு யாரோ. மறுநாள் பேருந்து போய்விடும். அடுத்த கடல் அடுத்த டிசம்பரில்.

மெரினா கடற்கரையில் சக்கர நாற்காலி போகிற பாதையின் கதை இதைத்தான் சொல்கிறது. சென்னையில் மாற்றுத்திறனாளி உரிமைக் குழுக்கள் அதைப் பல ஆண்டுகள் கேட்டன. முதலில் கிடைத்தது டிசம்பர் 3-ஐ ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் போடப்பட்ட தற்காலிகப் பாதை. விழா முடிந்ததும் பலகைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 2022 நவம்பர் இறுதியில்தான் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. பாதையின் கடலோரப் பகுதியை அலை பெயர்த்துவிட்டது. 'அவ்வளவுதான், இனி தொடமாட்டார்கள்' என்றுதான் பலரும் பயந்தோம். பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பழுதுபார்ப்பை நான் திறப்பு விழாவைவிடப் பெரிதாக நினைக்கிறேன். சாலையில் பள்ளம் விழுந்தால் மூடுவதுபோல, இதுவும் ஊருக்குத் தேவையான ஒரு பாதை என்று ஆகிவிட்டது.

அந்தப் பாதையில் ஒரு சாதாரண ஞாயிறு மாலை போய் நின்று பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற அம்மாவைத் தள்ளிக்கொண்டு மகள் வருவாள். குழந்தை வண்டியோடு இளம் தம்பதி வருவார்கள். மூட்டு தேய்ந்த தாத்தாக்கள் கைப்பிடியைப் பிடித்தபடி நடப்பார்கள். பாதை முடிகிற இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் மணல்தான். சாதாரண நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, மெலிசானது. எடை அதில் இறங்கியதும் மணலுக்குள் புதைந்து நின்றுவிடும். கடற்கரைக்கென்றே செய்கிற நாற்காலிக்குச் சக்கரங்கள் உருண்டு திரண்ட பலூன் டயர்கள். காற்றைக் குறைவாக அடைத்திருப்பார்கள். எடை பரவிவிடுவதால் மணலின் மேலேயே உருளும். ஈர மணலைத் தொட்டதும் தள்ளுகிறவர் கையில் பாரமே தெரியாது.

மெரினா அரை நாள். நான் சொல்லவந்தது வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்புகிற வார இறுதிகளை. அதற்கு ஒரு குழு வேண்டும். மாற்றுத்திறனாளிகள் மட்டும் இருக்கிற குழு இல்லை, அவர்களுக்குச் சேவை செய்ய வந்தவர்களின் குழுவும் இல்லை. கலந்து இருக்கிற, சந்தா கட்டுகிற, சண்டை போட்டுக்கொள்கிற நண்பர்கள் குழு. பிரிட்டனில் 1957-லேயே ஃபாப் என்ற அமைப்பு இப்படித் தொடங்கியது. உடல் குறைபாடு உள்ள இளைஞர்களும் இல்லாத இளைஞர்களும் ஒரே மன்றத்தில் சம உறுப்பினர்கள். இங்கே புனேயில், பத்தொன்பது வயதில் பார்வையை இழந்த திவ்யான்ஷு கணாத்ரா, 2014-ல் தடைகளைத் தாண்டிய சாகசப் பயணங்களுக்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இரட்டைச் சைக்கிளில் முன்னால் பார்வையுள்ளவர், பின்னால் பார்வையற்றவர். இரண்டு பேரும் மிதித்தால்தான் வண்டி மேடு ஏறும். அவரே அப்படி மணாலியிலிருந்து கார்துங் லா வரை மிதித்துப் போனவர். ஒன்றாகச் சேர்ந்து மூச்சு வாங்கியவர்களுக்கு நடுவில் இரக்கத்துக்கு வேலை இருப்பதில்லை.

இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட், கீல்டர், எக்ஸ்மூர் ஆகிய மூன்று இடங்களில் கால்வெர்ட் என்ற பெயரில் தங்கும் மையங்கள் இருக்கின்றன. சக்கர நாற்காலியோடு பாறைச் சுவரிலிருந்து கயிற்றில் இறக்குவார்கள். குதிரை மேல் ஏற்றத் தூக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். இரண்டு கனூ படகுகளைக் கம்பு வைத்துச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். உட்காரும்போது நிதானம் இல்லாதவரும் கவிழ்கிற பயமில்லாமல் துடுப்புப் போடலாம். கால்வெர்ட் யார் என்றால், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பர். காசநோயில் படுத்திருந்த அவரைக் கவிஞர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1795-ல் இளம் வயதிலேயே இறந்த அவர், நண்பன் பிழைப்புக் கவலை இல்லாமல் எழுதட்டும் என்று 900 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். நண்பனுக்கு ஓய்வு கொடுத்த ஒருவரின் பெயரை இந்த மையங்களுக்கு வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, நம் ஏலகிரிக்கு வருவோம். ரயிலில் ஜோலார்பேட்டை வரை போவது எளிது என்று தோன்றும். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி ரயிலின் கடைசியிலோ முன்னாலோ இருக்கும். கூட ஒரு துணையாள் ஏறலாம். மற்ற நண்பர்கள் எல்லாம் வேறு பெட்டியில். வழியெல்லாம் நடக்கிற கச்சேரியும் கேலியும் அந்தப் பெட்டியில் போய்விடும். அதனால்தான் இப்படிப்பட்ட குழுக்கள் பெரும்பாலும் வேனையே தேர்ந்தெடுக்கின்றன. மடக்குச் சாய்தளம் ஒன்றைக் கூடவே எடுத்துப் போவார்கள். சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். வேன் தளத்தின் உயரத்துக்கு அவ்வளவு நீளமான பலகையை எடுத்துப் போக முடியாது என்பதால், மேடான இடமாகப் பார்த்து வண்டியை ஒட்டி நிறுத்தத் தெரிந்த ஓட்டுநர்தான் அந்தக் குழுவின் மிக முக்கியமான ஆள். அப்படி ஓர் அண்ணன் கிடைத்துவிட்டால் அவருக்கு லீவு இருக்கிற நாள் பார்த்துத்தான் பயணத் தேதியே குறிப்பார்கள்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இடுப்புக்கு மேல் பிடிமானம் இல்லாதவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாய்வார். மார்புக்குக் குறுக்கே அகலமான பட்டை வேண்டும், வளைவு வருகிறது என்று முன்கூட்டியே தெரியவும் வேண்டும். ஏலகிரியில் வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்வையற்ற நண்பர் ஒருவருக்காக முன்சீட்டில் இருப்பவர் பலகையைச் சத்தமாகப் படிப்பார். "கபிலர் வர்றார்!" என்றதும் பின்னால் உள்ளவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவருக்காகச் செய்தது எல்லோருக்கும் உதவுகிற இந்த மாதிரி விஷயங்கள் பயணம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஆட்டிசம் உள்ள தம்பிக்காக, நாளைக்கு என்னென்ன என்று படம் போட்டு ஒட்டுகிற அட்டையைக் காலையில் முதலில் போய்ப் பார்ப்பது மற்றவர்கள்தான். காது கேளாத தங்கை ராத்திரி பேச்சில் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் விளக்கு எரிய வேண்டும், சைகை செய்கிற கையும் முகமும் தெரிய வேண்டும். தீமூட்டி இருட்டில் உட்காரும் ஆசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

வெயில் விஷயத்தில் விளையாட்டே கூடாது. கழுத்துப் பக்கமோ நெஞ்சின் மேல்பகுதியிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ள முடியாமல் சூடு ஏறிக்கொண்டே போகும். நிழல், ஈரத்துணி, தண்ணீர் தெளிக்கிற பாட்டில் மூன்றும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வருவதும் தெரியாது என்பதால், வேடிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவ்வப்போது எடையை மாற்றி உட்கார வேண்டும்.

ஆனால் வார இறுதிகளைக் கெடுப்பது வெயிலும் மலையும் இல்லை, கழிப்பறை. காலையில் ஏன் காபி வேண்டாம் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த இப்படியொரு குழுவில் இருக்கிற அக்காவைக் கேட்டேன். "போற இடத்துல பாத்ரூம் எப்படின்னு தெரியாதுல்ல. முந்தின நாள் ராத்திரியே தண்ணி குடிக்கிறதை நிறுத்திருவேன்" என்றார். இயல்பாகச் சொன்னார், பல வருஷப் பழக்கம். பெண்கள் பலர் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள். திரும்பி வந்ததும் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மாத்திரை. சுற்றுலாத் தலம் என்று பலகை வைக்கிற இடத்தில், 90 செ.மீ. அகலக் கதவு, உள்ளே நாற்காலி முழுவட்டம் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம், உறுதியான கைப்பிடி, உள்ளே மேல்நாட்டுக் கழிப்பறை, வெளியே பூட்டுப் போடாத கதவு, இவ்வளவுதான் கேட்கிறோம். சில இடங்களில் எல்லாம் கட்டியிருப்பார்கள். உள்ளே துடைப்பமும் பினாயில் டப்பாவும் இருக்கும், சாவி வேறு யாரிடமோ இருக்கும்.

ஏலகிரியில் உள்ள புங்கனூர் ஏரியின் படகுத்துறை மாதிரி இடங்களில் செய்ய வேண்டியதும் பெரிய செலவு இல்லை. பிரிட்டனில் வீலிபோட் என்று ஒரு படகு இருக்கிறது. அதன் முன்பக்கம் கதவுபோலக் கீழே சாய்ந்து கரையில் படியும். சக்கர நாற்காலியோடு நேராக உள்ளே உருண்டு போகலாம், தளம் தட்டையாக இருக்கும், கதவை மூடினால் படகு. அதில் போகிறவர் யார் மடியிலும் உட்கார வேண்டாம், நாற்காலியைக் கரையில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டில் ஒன்று, ஊட்டியில் ஒன்று, ஏற்காட்டில் ஒன்று என்று விட்டுப் பார்க்கட்டும். வயதான அப்பா அம்மாவை அழைத்து வருகிற குடும்பங்கள்தான் முதலில் வரிசையில் நிற்கும்.

கடைசியாகப் பணம். வேன் வாடகை, அறை, சாப்பாடு எல்லாம் பங்கு போட்டுவிடலாம். உதவியாளர் இல்லாமல் வர முடியாதவருக்கு மட்டும் கணக்கு இரட்டிப்பாகும், அவருக்கும் ஒரு பங்கு, உதவியாளருக்கும் ஒரு பங்கு, அதோடு உதவியாளரின் இரண்டு நாள் சம்பளம். பேசாமல் விட்டால், அவர் ஒரு தடவை வருவார், அடுத்த தடவை "உடம்பு சரியில்லை" என்பார். எனக்குத் தெரிந்த குழுவில் உதவியாளர் செலவை மொத்தச் செலவோடு சேர்த்து எல்லோருக்கும் சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். டீசலைப் போல அதுவும் பயணச் செலவில் ஒன்று. தலைக்குச் சில நூறு ரூபாய் கூடும். புதிதாகச் சேருகிறவரிடம் முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். சம்மதமில்லாதவர்கள் போய்விடலாம், இதுவரை அப்படிப் போனவர்கள் ரொம்பக் குறைவு.

(தொடரும்)