செவியால் கண்ட தொடர்

ரசிகர்களை ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காக்க வைத்துவிட்டு, ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ என்ற புதுப் பெயரோடு 2025 மார்ச் 4ஆம் தேதி ‘டேர்டெவில்’ தொடர் மீண்டும் தொடங்கியபோது, அதைத் தனியே உட்கார்ந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நாற்பது வயதைக் கடந்த பின் பார்வையை இழந்தவர். முந்தைய மூன்று சீசன்களையும் என்னைக் காட்டிலும் ஆழ்ந்து அனுபவித்தவர் அவர். ஒரு மாலைப் பொழுதில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பார்வையற்றோருக்காகக் காட்சியை விவரித்துச் சொல்லும் வர்ணனைக் குரலை அந்தக் கணினியில் வரவழைக்கும் வழி அன்று எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே அந்தக் குரலின் வேலையை நானே செய்வதாக ஒப்புக்கொண்டேன். பேசத் தெரிந்த எவரும் செய்துவிடக்கூடிய காரியம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

சூப்பர் ஹீரோக்கள் என்றதும் பறப்பவர்களையும் மலையைப் பெயர்ப்பவர்களையும் நினைத்துக்கொள்கிற நமக்கு, மாட் மர்டாக் என்னும் இந்தக் கதாநாயகன் சற்று வேறுபட்டவனாகத் தோன்றுவான். நியூயார்க் நகரத்தின் ஹெல்ஸ் கிச்சன் என்னும் பகுதியில், குத்துச்சண்டைக்காரர் ஒருவரின் மகனாக வளர்ந்த அவன், சிறுவனாக இருக்கையில், லாரியின் பாதையில் நின்ற ஒரு முதியவரைத் தள்ளிக் காப்பாற்றப் போய், சிதறிய ரசாயனம் பட்டுத் தன் கண்களை இழக்கிறான். பார்வை போன இடத்தில் மற்றப் புலன்கள் அபாரமான கூர்மை பெறுகின்றன. வளர்ந்து வழக்கறிஞனாகி, பால்ய சிநேகிதனுக்கு நிகரான ஃபாகி நெல்சனோடு சேர்ந்து ஏழைகளுக்காக வாதாடுகிறான். இரவில் முகமூடி அணிந்து தெருவில் இறங்குகிறான். எதிரே நிற்பவன் பொய் சொல்கிறானா, மெய் சொல்கிறானா என்பதை அவனுடைய இதயத்துடிப்பைக் கேட்டே தெரிந்துகொள்கிறான். அவனுக்கு உலகம் எப்படிப் புலப்படுகிறது என்பதைத் தீப்பற்றி எரியும் செந்நிறக் காட்சியாக முதல் சீசனில் ஓரிடத்தில் காட்டினார்கள். அந்தத் தந்திரத்தை அடிக்கடி கையாளாமல், மிச்சத்தையெல்லாம் ஒலிப்பதிவாளர்களின் பொறுப்பில் விட்டது மிகவும் விவேகமான காரியம் என்பது என் அபிப்பிராயம். மழைத்துளி விழுவதும், அடுத்த அறையில் ஒருவன் மூச்சை இழுத்துப் பிடிப்பதும் இந்தத் தொடரில் கதையின் சம்பவங்களாகவே ஆகிவிடுகின்றன.

1964ஆம் ஆண்டில் ஸ்டான் லீ கதையெழுத, பில் எவரெட் சித்திரம் வரைய, மார்வெல் நிறுவனத்தின் சித்திரக்கதைப் புத்தகமாக இது முதலில் வெளிவந்தது. பார்வையற்றவர்களின் மனம் இதனால் புண்படுமோ என்று தாம் அஞ்சியதாகவும், அதற்கு மாறாக, இந்தக் கதைகளைப் பிறர் வாசிக்கக் கேட்பதில் அவர்களுக்குப் பெரும் ஆனந்தம் என்று பார்வையற்றோர் அமைப்புகளிலிருந்து கடிதங்கள் வந்ததாகவும் ஸ்டான் லீ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். படங்களே உயிரான ஒரு புத்தகத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதென்றால், வாசிப்பவர் எழுத்தோடு நின்றுவிட முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரைந்திருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் தம்பிக்கு அக்காளும், மகனுக்குத் தாயும் தம்மை அறியாமலே வர்ணனையாளர்களாக இருந்திருக்கிறார்கள்.

இத்தகைய பூர்வகதை உள்ள ஒரு நாயகனுக்கு நேர்ந்தது விசித்திரமானது. 2015 ஏப்ரல் 10ஆம் தேதி, நெட்ஃபிளிக்ஸில் முதல் சீசனின் 13 அத்தியாயங்களும் ஒரே நாளில் வெளியானபோது, பார்வையற்ற ஒருவனைப் பற்றிய அந்தக் கதையைப் பார்வையற்றவர்கள் பின்தொடர்வதற்கு வழி இல்லை. வர்ணனைக் குரல் அதில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. கதாநாயகன் யாரோடு சண்டையிடுகிறான், எந்தச் சுவரில் மோதி விழுகிறான், கதவின் பின்னால் நின்றிருப்பவர் யார் என்பதெல்லாம், அவனைப் போலவே வெள்ளைக் கோல் ஏந்தி நடப்பவர்களுக்கு வெறும் சத்தமாகவே போய்ச் சேர்ந்தது. வர்ணனை வேண்டுமென்று முன்பிருந்தே கேட்டு வந்தவர்கள் இந்த முறை குரலை உயர்த்தினார்கள். நியாயம் இவ்வளவு பட்டவர்த்தனமாக ஒரு பக்கத்தில் நிற்பது அபூர்வம். நான்கே நாட்களில், ஏப்ரல் 14 அன்று, தன் தொடர்களுக்கு வர்ணனை சேர்க்கப் போவதாகவும், அதை டேர்டெவிலிலிருந்தே தொடங்குவதாகவும் நிறுவனம் அறிவித்தது. பிற்பாடு மற்ற தொடர்களுக்கும் அந்தச் சௌகரியம் வந்து சேர்ந்தது. மாட் மர்டாக் செய்த பரோபகாரங்களுள், முகமூடி இல்லாமல், திரைக்கு வெளியே செய்த இதையே நான் முதலாவதாகச் சொல்வேன்.

இந்த வர்ணனைக் கலைக்கு இன்றைய உருவம் கிடைத்தது நாடக மேடையில். 1981ஆம் ஆண்டில், வாஷிங்டன் நகரத்து அரீனா ஸ்டேஜ் நாடகசாலையில், மார்கரெட் ஃபான்ஸ்டீல் என்ற பெண்மணியும் கோடி ஃபான்ஸ்டீலும் சேர்ந்து, மேடையில் நடப்பதை மெல்லிய குரலில் பார்வையற்ற ரசிகர்களின் செவிக்கு எட்டச் செய்யும் ஏற்பாட்டை அமைத்தார்கள். மார்கரெட் தாமே பார்வை குன்றியவர். அவர்கள் கண்ட அடிப்படை இன்றளவும் மாறவில்லை: பாத்திரங்கள் பேசும்போது வர்ணனையாளர் பேசலாகாது, இரண்டு வசனங்களுக்கு இடையே கிடைக்கும் இரண்டு மூன்று வினாடி இடைவெளிக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி ஒதுங்கிவிட வேண்டும். கண்ணில் படுகிற நூறு விஷயங்களில் எந்த ஒன்றை விட்டுவிட்டால் கதை அறுந்துபோகும் என்று கணத்தில் தேர்ந்தெடுப்பதே வித்தையின் பாதி. ‘அவள் வருத்தத்தோடு பார்த்தாள்’ என்று முடிவு கட்டிச் சொல்லிவிடாமல், ‘அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலை நோக்கித் திரும்புகிறாள்’ என்று சொல்லி, வருத்தத்தைக் கேட்பவரே கண்டுகொள்ளும்படி விட்டுவிடுவது மறுபாதி.

காதால் படம் பார்ப்பது நமக்கும் முற்றிலும் புதிதல்ல. திரைப்படத்தையே வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்டுக் கண்ணீர் விட்ட ஒரு தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. வசனமே பிரதானமாக இருந்த படங்களாகையால் பெரும்பாலும் கதை தெளிவாகவே விளங்கிவிடும்; சண்டைக் காட்சி வரும்போது மட்டும், அடி விழும் ஓசை கேட்குமே தவிர, விழுந்தது யார் மேல் என்று தெரியாமல் வீட்டிலுள்ளவர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள்.

அதே சங்கடம்தான் டேர்டெவிலில் பன்மடங்காகப் பெருகுகிறது. இத்தொடரின் கீர்த்திக்குக் காரணமே அதன் சண்டைக் காட்சிகள். முதல் சீசனின் இரண்டாம் அத்தியாயத்தில், கடத்தப்பட்ட ஒரு சிறுவனை மீட்பதற்காக, குறுகிய தாழ்வாரம் ஒன்றில், ஏற்கெனவே காயம்பட்டுத் தள்ளாடும் மாட் மர்டாக் பலரோடு மோதுவதை, காட்சி அறுபடாமல் ஒரே வீச்சில் காட்டுகிறார்கள். 2018 அக்டோபர் 19 அன்று வந்த மூன்றாம் சீசனின் நான்காம் அத்தியாயத்திலோ, சிறைச்சாலைக் கலவரத்தினூடே அவன் வெளியேறும் காட்சி ஏறக்குறைய 11 நிமிடங்கள் இடைவெட்டே இல்லாமல் ஓடுகிறது. முகமூடி இருந்தால் காமிரா திரும்புகிற நேரத்தில் சண்டைக் கலைஞர் ஒருவரை நடிகரின் இடத்தில் நிறுத்திவிடலாம். சிறைக்கு அவன் வழக்கறிஞனாகச் சாதாரண உடையில் போயிருந்தபடியால் அந்த உபாயத்துக்கு இங்கே இடம் குறைவு. நடிகர் சார்லி காக்ஸே பெரும்பகுதியைத் தம் உடம்பால் செய்து காட்ட வேண்டியிருந்தது. வர்ணிப்பவரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். வசனம் குறைவாகையால் பேசுவதற்கு நேரம் ஏராளமாக இருக்கும். பேசிக்கொண்டே போனால் இரும்புக் கதவின் ஓலமும், களைத்த மனிதனின் மூச்சிரைப்பும் அந்தப் பேச்சின் கீழே புதைந்துவிடும்.

என் நண்பருக்குப் பிடித்தது இந்த மூன்றாம் சீசன்தான். அதன் தொடக்கத்தில், கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததில் தப்பி, தான் வளர்ந்த அநாதை இல்லத்தில் கண்விழிக்கும் மாட்டுக்கு ஒரு காது கேட்கவில்லை. பார்வையுள்ளவர்கள் அதைச் சிறிய ஊனமாக எண்ணிக் கடந்துபோவார்கள். நண்பர் அந்த இடத்தை எனக்கு விளக்கிய விதத்தை என்னால் மறக்க முடியாது. மேசை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்து, அறையில் எங்காவது நின்று குலுக்கச் சொன்னார். குலுக்கினேன், விரலை நேராக என்னை நோக்கி நீட்டினார். பிறகு இடக் காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு மறுபடியும் குலுக்கச் சொன்னார். இந்த முறை விரல் அலமாரியைக் காட்டிற்று. ஓர் ஒலி ஒரு காதை எட்டுவதற்கும் மற்றக் காதை எட்டுவதற்கும் இடையே, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கால வித்தியாசம் உண்டு. அந்த அற்ப வித்தியாசத்தைக் கொண்டே மூளை திசையை நிர்ணயிக்கிறது. “ஒரு காது போனா சத்தம் பாதியாகும்னு நினைக்கிறீங்க. அப்படி இல்லை சார், வீடே இடம் மாறிடும்,” என்றார்.

அந்த சீசன் வெளியாகி ஆறே வாரங்களில் தொடர் கைவிடப்பட்டது. புதிய தொடருக்கான வேலை பின்னர் டிஸ்னியில் தொடங்கிய போதும் நேர்வழியில் போகவில்லை. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள், நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு நின்ற காலத்தில், அதுவரை எடுத்ததைத் திரும்பப் பார்த்த தயாரிப்பாளர்கள், தலைமை எழுத்தாளர்களை விடுவித்து, டாரியோ ஸ்கார்டபேனிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். முதல் அத்தியாயமும் இறுதி இரண்டும் புதிதாக எடுக்கப்பட்டன. முதலில் வகுத்த திட்டத்தில் ஃபாகி நெல்சனுக்கும், அவர்கள் தோழி கேரன் பேஜுக்கும் இடமில்லை. மாற்றி அமைத்தபோதுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். 9 அத்தியாயங்கள் கொண்ட இந்த சீசனில் பழைய துணியும் புதுத் துணியும் சேரும் தையல் ஆங்காங்கே தெரியத்தான் செய்கிறது. நகரத்தின் மேயராகிவிடும் பழைய பகைவன் வில்சன் ஃபிஸ்கும் மாட்டும் ஓர் உணவகத்தில் எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சி, குரல்களின் ஏற்ற இறக்கத்துக்காகவே மறுபடியும் கேட்கத் தக்கது. இருந்தாலும், புதிதாக எடுத்த அந்த முதல் அத்தியாயமே என் உள்ளத்தில் நிற்கிறது. அதைச் சொல்லப் போவதால், இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும்.

மதுக்கடை ஒன்றில் நண்பர்கள் கூடியிருப்பதில் அத்தியாயம் தொடங்குகிறது. அவர்களுடைய உடையையும், விளக்கின் நிறத்தையும், சுவரிலிருந்த படத்தையும் நான் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். நண்பர் சற்று நேரம் பொறுத்தார். “அவங்க பேசும்போது நீங்க பேசாதீங்க சார். அவங்க நிறுத்தினதும் சொல்லுங்க, போதும்,” என்று பிறகு மெல்லச் சொன்னார். அதன் பின் சுருக்கிக்கொண்டேன். ‘ஃபாகி வெளியே வருகிறான்’ என்றேன். துப்பாக்கி வெடித்தது. ‘ஃபாகி விழுந்துவிட்டான், கேரன் பக்கத்தில் மண்டியிடுகிறாள்’ என்றேன். கையில் கிடைத்ததைக் குறி தவறாமல் எறியும் புல்ஸ்ஐயோடு, கடையிலிருந்து படிக்கட்டு வழியாக மொட்டைமாடி வரைக்கும் மாட் போராடிக்கொண்டே ஏறுகையில், ‘படி’, ‘சுவர்’, ‘மாட்டுக்கு அடி’ என்று ஒற்றைச் சொற்களாகக் கொடுத்து வந்தேன். நண்பர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முழங்காலைக் கைகளால் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாடியை அடைந்ததும் ஓசைகள் ஒவ்வொன்றாக விலகின. கீழே தெருவில் கிடக்கும் ஃபாகியின் இதயத்துடிப்பு, மேலே நிற்கும் மாட்டின் செவிக்குக் கேட்கிற விதமாகவே எங்களுக்கும் கேட்கத் தொடங்கிற்று. திரையில் என்ன நடக்கிறதென்று சொல்ல நான் வாயெடுத்தேன். நண்பர் கையை உயர்த்தித் தடுத்தார். துடிப்புகளுக்கு இடையே இருந்த தூரம் அதிகமாகிக்கொண்டே போயிற்று. ஒன்று கேட்டது, நீண்ட அமைதி, பிறகு இன்னொன்று. கேரனின் முகத்தில் கண்ணைப் பதித்திருந்த நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.

“நின்னுடுச்சு,” என்றார் அவர்.

திரையில் மாட் மர்டாக்கின் முகம் அப்போதுதான் மாறத் தொடங்கியிருந்தது.