நீலகிரி லில்லி

லில்லி என்றதும் பூக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வெளிநாட்டுப் பூதான் நினைவுக்கு வரும். நம் மலையிலேயே அசல் லில்லி ஒன்று உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்சரிவிலும் பாறை இடுக்கிலும் தானாக வளர்வது. ஒரு சாண் நீள வெள்ளைக் குழல். நாகஸ்வரத்தின் அணசு போல வாய் விரிந்திருக்கும். முகர்ந்து பார்க்கக் குனிந்தால் மூக்கு நுனியில் மஞ்சள் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும்!

குளிரும் மழையும் இதற்கு வேண்டும். ஆனால் கிழங்கடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் நீர் வடியும் சரிவுதான் தோது. இதன் தண்டு நேராக மேலே வராது. மண்ணுக்குள் கொஞ்ச தூரம் படுத்தபடியே ஊர்ந்துவிட்டு, அப்புறம்தான் தலைகாட்டும். பூப்பது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்.

நம் செங்காந்தளையும் முன்பு லில்லிக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். பிறகு தாவரவியலாளர்கள் அதைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்கள்.