ஈரல் தரும் சாட்சியம்

காக்காய் வலிப்புக்காரர்களுக்கு மலிவாகக் கிடைப்பதும், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றிருப்பதும், நம் மருந்துக் கடைகளில் ‘கார்டினால்’ என்று வழங்குவதுமான பினோபார்பிட்டோன், 1912-இல் ஜெர்மனியில் தூக்க மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் பிரைபர்க் நகரத்து இளம் வைத்தியர் ஆல்பிரட் ஹாப்ட்மன், அதை உட்கொண்ட நோயாளிகளுக்கு உறக்கம் வந்ததோடு வலிப்பும் குறைந்ததைக் கண்டு எழுதி வெளியிட்டார்.

ஆயுள் முழுவதும்கூட நாள் தவறாமல் உட்கொள்ள நேரும் ஓர் ஔஷதம், சரீரத்தின் உள்ளுறுப்புகளை என்ன செய்கிறது? இக்கேள்விக்கு முதலில் விடை சொன்னவை எலிகளே. சில நாட்கள் தொடர்ந்து இம்மருந்தைக் கொடுத்தாலே எலியின் ஈரல் பருத்து எடை கூடுகிறது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஈரலின் உயிரணுக்களுக்குள் மெல்லிய சவ்வுக் குழல்கள் நெருக்கியடித்துப் பெருகியிருக்கக் காணலாம். மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் என்சைம்கள் அக்குழல்களிலேதான் உள்ளன. அறுவடை நாளில் ஆட்களைக் கூட்டிக்கொள்ளும் குடியானவனைப் போல ஈரலும் வேலைக்கு ஏற்பத் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது; மருந்தை நிறுத்தினால் மெள்ளப் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறது.

ஆனால், தீவனத்தில் 2,000 பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் ஆயுள் முழுவதும் கொடுத்தபோது, சில இனச் சுண்டெலிகளின் ஈரலில் கட்டிகள் தோன்றின. சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் கார்ல் பெரைனோவும் அவர் துணைவர்களும் 1971-இல் வெளியிட்ட முடிவு, இவ்விஷயத்தில் மிகவும் ஆச்சரியமானது என்பேன். ஈரலில் புற்றுநோயை விளைவிக்கும் ரசாயனம் ஒன்றோடு சேர்த்துப் பினோபார்பிட்டோனைக் கொடுத்த எலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன. ரசாயனத்தை நிறுத்திய பிறகு கொடுத்த எலிகளுக்கோ கட்டிகள் பெருகின. அதாவது, இம்மருந்து தானே விதை ஊன்றுவதில்லை; முன்பே கெட்டுப்போன உயிரணுவை வளர்த்துவிடுகிறது.

எலியின் தைராய்டு சுரப்பியும் பெருக்கிறது. ஈரல் தைராக்சினை விரைவாகக் கழித்துவிட, அக்குறையை ஈடுசெய்யச் சுரப்பி ஓயாமல் உழைப்பதே காரணம். மனிதரின் ரத்தத்தில் தைராக்சினை இறுகப் பற்றிக் காக்கும் புரதம் உண்டு. வளர்ந்த எலிக்கு அது மிகக் குறைவாதலால், இச்சாட்சியத்தை நமக்கு அப்படியே பொருத்திவிடலாகாது.

ஈரல் புற்று விஷயத்திலும் அப்படித்தான். டென்மார்க்கின் பிலடெல்பியா என்னும் வலிப்பு நோய் மருத்துவமனையில் பல்லாண்டுகள் சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்தபோது, ஈரல் புற்று மிகுந்திருந்ததற்கு, மூளையின் ரத்தக் குழாய்களை எக்ஸ்ரே எடுப்பதற்காகச் சிலருக்கு ஏற்றப்பட்ட தோரோட்ராஸ்ட் என்ற கதிரியக்கத் திரவமே காரணமெனத் தெரிந்தது. ஆகவே எலியின் கட்டியை எண்ணி அஞ்சி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே அபாயம் விளையும்.

அதற்காக எலி சொன்னது வீண் என்றும் தள்ளிவிட முடியாது. ஈரலின் என்சைம்கள் பெருகுவது மனிதருக்கும் உண்மையே. அதனால் கர்ப்பத்தடை மாத்திரையும், ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்பரினும் வலுக் குன்றுகின்றன. வைட்டமின் டி விரைவில் சிதைவதால், நெடுநாள் உட்கொள்வோரின் எலும்பு மெலியக்கூடும். பல ஆண்டுகளாக இம்மாத்திரையை விழுங்கி வருபவர்கள், அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது எலும்பைப் பற்றியும், தாம் உட்கொள்ளும் பிற மருந்துகளைப் பற்றியும் அவசியம் கேட்க வேண்டும்.