மாதிரிக்கும் ஓர் அளவு உண்டு

ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவனுக்குத் தோட்டத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தால் தட்ட மனம் வராது. 2006இல் எனக்கு அப்படியொன்று வந்தது. நான்கு லயன்களுக்குக் கூரை மாற்ற வேண்டும், அளந்து எஸ்டிமேட் கொடுங்கள் என்றார்கள். பாஸையும் ஒரு கையாளையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் மழையில் ஏறி இறங்கினேன். தகரம் எத்தனை, மரம் எத்தனை அடி, ஆணி எத்தனை கிலோ என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். அத்தோடு முடிந்ததா?

"முதலாளி, ஒரு காம்பராவுக்கு மட்டும் போட்டுக் காட்டுங்களேன். துரை பார்க்க வேணுமாம்" என்றார் கிளாக்கர். போட்டேன். தகரமும் என்னுடையது, கூலியும் என்னுடையது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கொந்தராத்துக்காரர் என் கடைக்கே ஆணி வாங்க வந்தார். அவர் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். என் கையெழுத்தின் போட்டோ கொப்பி! அவர் மேல் குற்றமில்லை. துரையையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். எதுவரை சும்மா செய்வேன் என்று முதல் நாளே சொல்லாதவன் நான்தானே.

நம்மைச் சுற்றி நடக்கும் தேயிலை வியாபாரத்தைப் பாருங்கள். கொழும்பு ஏலம் தொடங்கியது 1883இல். ஏலத்துக்கு முன்பே தரகர்கள் தேயிலை மாதிரிகளை வாங்குவோருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குக் காசு கிடையாது. ஆனால் சுவைப்பவருக்கு ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மூன்று கிராம் தூள் போதும். உறிஞ்சித் துப்பிவிட்டு விலையை முடிவு செய்கிறார். ஒரு மூட்டை அனுப்புங்கள், மாதம் முழுதும் குடித்துப் பார்க்கிறோம் என்று எவரும் கேட்பதில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஏலம் கணினிக்கு மாறியபோதும் மாதிரி சுவைக்கும் வழக்கம் நிற்கவில்லை. வாங்குபவன் தரம் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு எவ்வளவு போதும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கூரை வேலையில் அந்தக் கிண்ணம் எது? முன்பு செய்த ஒரு லயனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஒரு துண்டுத் தகரம் கொடுக்கலாம். மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். முழு அளவுப் பட்டியல் மாதிரி அல்ல சகோதரர்களே, அது வேலையில் பாதி. இப்போது அதற்குத் தனியாகக் கூலி சொல்கிறேன். வேலை எனக்கே கிடைத்தால் பில்லில் கழித்துவிடுவேன் என்றும் எழுதிக் கொடுக்கிறேன். அச்சகம் வைத்திருப்பவர் புரூஃப் கொடுக்கலாம். டிசைனையே கொடுத்துவிட்டால் அடுத்த அச்சகத்தில் நோட்டீஸ் வந்துவிடும். யூனிஃபோர்ம் தைப்பவருக்கும் இதே கதைதான்.

மாதிரி காட்டும்போது இன்னொன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, மாதிரியைக் காட்டி விற்றால் முழுச் சரக்கும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும். ஓடரைப் பிடிக்க வேண்டுமென்று தடித்த தகரத்தைக் காட்டிவிட்டு மெல்லியதை ஏற்றினால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

கேட்பவர் உண்மையாகவே வேலை தரப்போகிறாரா என்பதை எப்படி அறிவது? நான் இரண்டு கேள்வி கேட்பேன். பணம் ஒதுக்கியாகிவிட்டதா? கடைசிக் கையெழுத்து யாருடையது? 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அதன்பின் பெரிய செலவென்றால் பெரும்பாலும் கொழும்புத் தலைமை அலுவலகம் சம்மதிக்க வேண்டும். துரை தலையாட்டியதை நம்பித் தகரம் ஏற்றியது என் அவசரம். சில இடங்களில் ஆளை முன்பே தீர்மானித்திருப்பார்கள். ஃபைலில் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டும் என்பதற்காக நம்மையும் கூப்பிடுவார்கள். அதற்கு மூன்று நாள் மழையில் நனையத் தேவையில்லை, ஒரு தாள் போதும்.

கூலி கேட்டால் கோபிப்பார்களே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். கோபிப்பார்கள்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் அளவுக் கூலியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். நான்கு நாள் கழித்து அவரே எடுத்து, "சரி ஹாஜியார், வாங்க" என்றார். வேறொருவர் இன்று வரை எடுக்கவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல் பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அதை ஓதிவிட்டு வந்து, எழுதிக் கேட்க வெட்கப்படுகிறோம்.

ஒரே ஒரு தோட்டத்துக்கு மட்டும் இன்றும் சும்மா அளந்து கொடுக்கிறேன். இருபது வருடமாகக் காசோலை பிந்தாத தோட்டம் அது.