பதினாறு கட்டம் போடாமல் ஒரு கணக்கு

இருபண்புக் கலப்புக் கணக்கு என்றதும் மாணவர்கள் ஸ்கேலைத் தேடுகிறார்கள். நான்குக்கு நான்கு, பதினாறு கட்டம். ஓர் எழுத்து பிசகினாலும் விகிதம் கெட்டுவிடும். இந்தப் புன்னெட் கட்டத்தை மெண்டல் பார்த்ததே இல்லை. அவர் 1884-இல் இறந்து சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அது வந்தது. எண்ணுவதும் பெருக்குவதும் அவருக்குப் போதுமாயிருந்தன.

புருன் நகர மடாலயத் தோட்டத்தில் உருண்டையான மஞ்சள் பட்டாணியையும் சுருங்கிய பச்சைப் பட்டாணியையும் அவர் கலந்தார். முதல் தலைமுறை விதைகள் எல்லாமே உருண்டை, மஞ்சள். அவற்றிலிருந்து வளர்ந்த 15 செடிகள் தன் மகரந்தச் சேர்க்கையில் 556 விதைகள் தந்தன: உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய பச்சை 32. பல நேரம் ஒரே காய்க்குள்ளேயே நான்கு வகையும் இருந்தன.

இப்போது நிறத்தை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் எண்ணுங்கள். உருண்டை 423, சுருங்கியது 133. அடுத்து நிறம் மட்டும்: மஞ்சள் 416, பச்சை 140. இரண்டுமே ஏறத்தாழ 3:1. ஆக, உருண்டைக்கு 3/4, மஞ்சளுக்கு 3/4, பெருக்கினால் 9/16. சுருங்கிய பச்சைக்கு 1/4 × 1/4, அதாவது 1/16. 556-இல் அது ஏறக்குறைய 35, கிடைத்ததோ 32. மனப்பாடம் செய்கிற 9:3:3:1 இந்தப் பெருக்கலில் பிறந்ததுதான்.

என்னை அதிகம் வியக்க வைப்பது அதற்குப் பிறகு அவர் செய்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்த அந்த 315 விதைகளையும் விதைத்தார். உருண்டை விதைகளில் மூன்றில் ஒன்று தூயது, மற்ற இரண்டு கலப்பு, மஞ்சளிலும் அப்படியே. எனவே இரண்டிலும் தூயவை 1/9, இரண்டிலும் கலப்பானவை 4/9 இருக்க வேண்டும். விதை தந்த 301 செடிகளில் 38 தூயவை. 138 செடிகள் நான்கு வகை விதையும் தந்தன. கணக்குப்படி 33, 134.

பெருக்கலாம் என்பது இரு பண்புகளும் சார்பின்றி ஒதுங்கும்போது மட்டுமே. பட்டாணியின் வடிவ ஜீனும் நிற ஜீனும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் கணக்கு சரியாக வந்தது. மணப்பட்டாணியில் பூவின் நிறத்தையும் மகரந்தத்தின் வடிவத்தையும் மரபியலாளர்கள் பேட்சனும் புன்னெட்டும் சேர்த்து எண்ணியபோது 9:3:3:1 வரவேயில்லை. ஊதாப் பூவோடு நீள மகரந்தம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சேர்ந்தே வந்தது. அந்த இரு ஜீன்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தன.