சீட்டும் தருமமும்
பரிசுக் குலுக்கல் வழியே அறப்பணிக்கு நிதி திரட்டுவது பற்றிச் சில விளக்கங்கள்



"கோயில் ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் ஐந்து வெள்ளிக்கு யோசிக்கிறார்கள். நாலு நம்பர் கடையில் ஐம்பது வெள்ளியை யோசிக்காமல் கொடுக்கிறார்கள்." பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர் கூடும் இடங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. அதைத் தொடர்ந்து ஒரு கேள்வியும் வரும்: "அப்படியானால் நாமே ஒரு பரிசுக் குலுக்கல் நடத்தினால் என்ன?"

அறவாரியத்தின் கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. வெள்ள நிவாரணத்திற்கு நிதி திரட்டியபோது வந்தது. சிறுநீரகச் சிகிச்சைக்கு உதவி கேட்டு ஏழைகள் வரும்போதெல்லாம் வருகிறது. "ஐரோப்பாவில் லாட்டரிப் பணத்தில்தான் உலகத்துக்கே உதவுகிறார்களாம்" என்று சிலர் சேர்த்துச் சொல்வதும் உண்டு. அது உண்மைதான். ஆனால் அம்முறை எப்படி நடக்கிறது, அதில் யாருக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதை அறிந்த பின்னரே நாம் ஒரு முடிவுக்கு வருதல் நலம்.

நம் நாட்டின் அனுபவம்

குலுக்கல் நடத்தித் துயர் துடைப்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. அவசரகாலத்தின்போது, 1950 முதல், பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் சுமார் 5 லட்சம் மக்கள் காட்டோரங்களிலிருந்து புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சீனர்கள். கோலாலம்பூரின் ஜின்ஜாங் அவ்வாறு எழுந்த ஊர்தான். வீடும் தோட்டமும் இழந்து வந்தவர்களுக்கு உதவ, 1949இல் தோன்றிய மலாயாச் சீனர் சங்கம் முன்வந்தது. 1950 முதல் அது தன் உறுப்பினர்களுக்குச் சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்தி, அந்த வருவாயைப் புதுக்கிராம மக்களின் நல்வாழ்வுக்குச் செலவிட்டது. சீட்டு வாங்குவதற்காகவே சங்கத்தில் சேர்ந்தவர்களும் உண்டு.

1953இல் ஹை கமிஷனர் டெம்ப்ளரின் அரசாங்கம், அரசியல் கட்சிகள் குலுக்கல் நடத்தக் கூடாது என்று தடுத்தது. வருவாய் நின்றது, அதை நம்பியிருந்த நற்பணிகளும் தளர்ந்தன. நல்ல காரியம் ஒன்றே வழியில் வரும் பணத்தை நம்பி நின்றால், அந்த வழி அடைபடும் நாளில் காரியமும் நின்றுபோகும். இது நாம் மனத்தில் கொள்ள வேண்டிய முதற் பாடமாகும்.

அரசாங்கமும் சமூகநல லாட்டரி வாரியத்தின் மூலம் சீட்டு விற்று வந்தது. நம்மில் மூத்தவர்களுக்கு அந்தச் சீட்டுகள் நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில் அதுவும் நிறுத்தப்பட்டது. விளையாட்டு, இளைஞர், பண்பாட்டுப் பணிகளுக்கு நிதி திரட்ட 1969இல் அரசு தொடங்கிய ஸ்போர்ட்ஸ் டோட்டோ, 1985இல் தனியார் வசம் போயிற்று. பொதுநலத்திற்கென்று தொடங்கிய ஒன்று வணிகமாக மாறுவதற்கு 16 ஆண்டுகளே ஆயின.

தமிழகம், கேரளம், இலங்கை

தமிழகத்தில் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968இல் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கப்பட்டது. "விழுந்தால் வீட்டிற்கு, விழாவிட்டால் நாட்டிற்கு" என்ற வாசகம் அந்நாளில் வெகுவாகப் பேசப்பட்டது. கேட்பதற்கு இனிமையான வாசகம். ஆனால் விழாத பணம் முழுவதும் நாட்டிற்குப் போவதில்லை. பரிசுத் தொகை, முகவர் கழிவு, அச்சு, விளம்பரம் எல்லாம் போக மிஞ்சுவதே நாட்டிற்கு. நாளடைவில் பிற மாநிலச் சீட்டுகளும் ஒரு நம்பர் சீட்டுகளும் தெருவெங்கும் பெருகின. தினக்கூலி வாங்கும் குடும்பங்கள் பல கடனில் மூழ்கின. 2003இல் தமிழக அரசு லாட்டரியை முற்றாகத் தடைசெய்தது.

அண்டை மாநிலமான கேரளம் 1967இல் அரசு லாட்டரித் துறையைத் தொடங்கி இன்றும் நடத்தி வருகிறது. 2011இல் அங்கே 'காருண்யா' என்ற பெயரில் ஒரு சீட்டு வந்தது. அதன் வருவாய் புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய் கண்ட ஏழைகளின் சிகிச்சைக்கு என்று ஒதுக்கப்பட்டது. சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. அதை மறுக்க இயலாது. இலங்கையிலும் 1983இல் அமைக்கப்பட்ட அபிவிருத்தி லொத்தர் சபையின் வருவாய் ஜனாதிபதி நிதியத்திற்குச் சென்று, வசதியற்ற நோயாளிகளின் அறுவைச் சிகிச்சைக்கு உதவியிருக்கிறது.

டச்சு நாட்டின் முறை

உலக அளவிலான நிவாரணப் பணிகளுக்குப் பெருந்தொகை தருவது நெதர்லாந்தின் அஞ்சல் குறியீட்டு லாட்டரியாகும். 1989இல் இது தொடங்கப்பட்டது. இதில் கடைக்குப் போய்ச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. சந்தாதாரராகச் சேர்ந்தால் மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படும். வீட்டின் அஞ்சல் குறியீடே சீட்டின் எண். பரிசு விழுந்தால் அந்தத் தெருவில் சந்தா கட்டியோர் அனைவருக்கும் விழும். பக்கத்து வீட்டாருக்கெல்லாம் விழுந்து நமக்கு மட்டும் இல்லாமற் போய்விடுமோ என்ற அச்சமும் மக்களைச் சேரவைக்கிறது என்று குறை கூறுவோரும் இருக்கின்றனர்.

இதில் சீட்டின் விலையில் குறைந்தது 40 விழுக்காடு தொண்டு நிறுவனங்களுக்குச் செல்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, ஆக்ஸ்பாம் நோவிப், அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு முதலியவை இதனால் பயன்பெறுகின்றன. இதே முறையில் பிரிட்டனிலும் சுவீடனிலும் 2005 முதல் லாட்டரிகள் நடந்து வருகின்றன.

தொகையின் அளவைக் காட்டிலும் அது வரும் விதமே தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிதும் உதவுகிறது. ஒருமுறை கொடுத்து நிறுத்திவிடாமல், பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதியளித்துத் தருகிறார்கள். 'இந்த ஊருக்கு மட்டும், இந்தப் பொருளுக்கு மட்டும்' என்ற நிபந்தனையும் விதிப்பதில்லை.

இதன் அருமை நமக்கு எளிதில் விளங்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் இலங்கையையும் தாக்கியது; நம் நாட்டில் பினாங்கிலும் கெடாவிலும் உயிர்களைக் கொண்டு போயிற்று. உலகமே அள்ளிக் கொடுத்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சில நாட்களிலேயே, ஆழிப்பேரலைக்கென்று இனி அனுப்ப வேண்டாம், வந்தது போதும் என்று அறிவித்தது. மிஞ்சியதை வேறு துன்பங்களுக்குச் செலவிட நன்கொடையாளரிடம் அனுமதியும் கேட்டது. தொலைக்காட்சியில் காணும் துயருக்குப் பணம் குவிகிறது. காணாத துயருக்கு வருவதில்லை. கூடாரமும் மருந்தும் வண்டியும் பேரிடருக்கு முன்பே தயாராக இருக்க வேண்டுமானால், ஆண்டு முழுவதும் சீராக வரும் நிதி வேண்டும்.

ஒரு சீட்டின் கணக்கு

இனி நம் ஊர்க் கணக்கிற்கு வருவோம். நாம் ஒரு குலுக்கல் நடத்துவதாகவே வைத்துக்கொள்வோம். அதற்கு 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் உண்டு. உரிய அனுமதியின்றிப் பொதுமக்களுக்குச் சீட்டு விற்க இயலாது. அனுமதி கிடைத்து, டச்சுக்காரர்களைப் போல் 40 விழுக்காட்டை அறப்பணிக்கு ஒதுக்கினாலும், 10 வெள்ளிச் சீட்டில் 4 வெள்ளியே ஏழைக்குச் சேரும். மற்ற 6 வெள்ளி பரிசுக்கும் நிர்வாகத்திற்கும் போய்விடும்.

இந்த 40 விழுக்காடும் எல்லா இடத்திலும் கிடைப்பதன்று. அயர்லாந்தில் 1930 முதல் 1987 வரை மருத்துவமனைகளின் பெயரால் ஒரு குதிரைப் பந்தயக் குலுக்கல் நடந்தது. பல நாடுகளில் சீட்டு விற்றது. மருத்துவமனைகள் எழுந்தன என்பது உண்மை. ஆனால் திரண்ட பெருந்தொகையில் அவற்றுக்குச் சென்றது சிறு பங்கே. நடத்தியவர்கள் பெருஞ்செல்வர்கள் ஆனார்கள்.

வரிக் கணக்கையும் பாருங்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நீங்கள் தரும் ரொக்க நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டு. சீட்டு வாங்கிய பணத்திற்கு அது கிடையாது. சட்டத்தின் கண்ணிலும் சீட்டின் விலை நன்கொடை ஆகாது.

கொடுப்பவர் யார்?

எனக்கு மிகவும் உறுத்தலான செய்தி இதுதான். எந்த நாட்டிலும் தம் வருமானத்தில் அதிகப் பங்கைச் சீட்டில் போடுவோர் வசதி குறைந்தவர்களே. ஐயாயிரம் சம்பாதிப்பவருக்கு ஐம்பது வெள்ளி ஒரு வேளை உணவகச் செலவு. ஆயிரத்தைந்நூறு சம்பாதிப்பவருக்கு அது பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம். கனவில் கண்டதை நம்பராக மாற்றுவதும், முனியாண்டி சாமியிடம் நம்பர் கேட்டுக் காத்திருப்பதும் நம்மிடையே நடப்பவைதாம். நம்பர் அடித்தவர் காணிக்கை செலுத்துவதைப் பார்க்கிறோம். அடிக்காதவர் வீட்டு அடுப்பை நாம் பார்ப்பதில்லை. அத்தகைய குடும்பங்களே உதவி கேட்டு நம் அறவாரியத்தின் வாயிலுக்கு வருகின்றன. ஒரு கையால் அவர்களிடம் சீட்டு விற்று, மறு கையால் அவர்களுக்கு அரிசி கொடுப்பது தருமமாகுமா?

திருக்குறளில் ஈகை அறத்துப்பாலில் 23ஆம் அதிகாரம். சூது பொருட்பாலில் 94ஆம் அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் வெகு தூரத்தில் வைத்திருக்கிறார். தருமத்தின் பெயரைத் தாங்கிய தருமபுத்திரரே சூதாட்டத்தில் நாட்டையும் உடன்பிறந்தாரையும் பாஞ்சாலியையும் இழந்தார். நோக்கம் நல்லதாக இருப்பதாலேயே பகடை நல்லதாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வாறு சொல்வதால், லாட்டரி நிதியில் நோய் தீர்ந்தவர்களையோ, அப்பணத்தைப் பெற்று அரும்பணி ஆற்றும் மருத்துவர்களையோ நான் குறைத்து மதிக்கவில்லை. கொடுக்கும் வழக்கமே இல்லாதவரிடமிருந்து நாலு காசு பெற்றுத் தருகிறது என்ற வகையில் அதற்கும் ஒரு பயன் உண்டு. கொடுக்கும் வழக்கம் உள்ள உங்களிடம் அந்தச் சுற்றுவழி எதற்கு என்பதே என் கேள்வி.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

டச்சு முறையின் மேன்மை குலுக்கலில் இல்லை. மாதந்தோறும் தவறாமல் வரும் சந்தாவில் இருக்கிறது. பகடையை விட்டுவிட்டு அந்த ஒழுங்கை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நூறு குடும்பங்கள் மாதம் 10 வெள்ளி தந்தால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி. இதே 12,000 வெள்ளியைக் குலுக்கல் வழியே பெற வேண்டுமானால், 40 விழுக்காட்டுக் கணக்கில் 30,000 வெள்ளிக்குச் சீட்டு விற்க வேண்டும். அதாவது அதே பலனுக்காக நம் மக்களின் வீடுகளிலிருந்து 18,000 வெள்ளி கூடுதலாக வெளியேறும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவதாக, இயன்ற ஒரு சிறு தொகையை மாதந்தோறும் வங்கி வழியே செலுத்த ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவதாக, அதை ஒரே காரியத்திற்கு என்று கட்டிவைக்காமல், தேவைக்கேற்பச் செலவிடும் உரிமையை நிர்வாகத்திற்குக் கொடுங்கள். மூன்றாவதாக, அந்த உரிமையைக் கொடுத்த பிறகு கணக்குக் கேளுங்கள். என் ஒரு வெள்ளியில் ஏழைக்கு எத்தனை காசு போயிற்று என்று எந்த அமைப்பையும் கேட்கலாம், எங்களையும் கேட்கலாம். கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பரிசை எதிர்பாராது இடும் கைகளுக்கு எல்லாம் வல்ல இறைவன் என்றும் குறைவிலா நலம் அருள்வானாக.