குழந்தையின் கூலிக்கு யார் ஈடு?

சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1986-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 10-ல்தான் தீர்ப்பு வந்தது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவரின் வேலைக்கு அரசு வழிசெய்ய வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். இந்தப் பணத்தின் வட்டி குடும்பத்துக்கு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

பிள்ளை வேலையை விட்டால் வீட்டில் எவ்வளவு துண்டு விழும் என்று யோசித்த தீர்ப்பு அது.

உலக அளவில் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-ல் வந்தது. 1992-ல் அதில் சேர்ந்த இந்தியா, குழந்தை உழைப்பு பற்றிய 32-வது பிரிவைப் படிப்படியாகத்தான் நிறைவேற்ற முடியும் என்று எழுதிக்கொடுத்தது. குறைந்தபட்ச வேலை வயது, கொடிய குழந்தை உழைப்பு ஆகியவை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138, 182-வது ஒப்பந்தங்களை ஏற்க 2017 ஆகிவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டான 2016-ல், 1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குள் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 18 வரை சுரங்கம், வெடிபொருள் போன்ற அபாயத் தொழில்கள் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீட்கப்படும் குழந்தைக்காக மறுவாழ்வு நிதியில் அரசு 15,000 ரூபாய் போட வேண்டும். ஆனால், பெரியவருக்கு வேலை என்ற பேச்சே இந்தச் சட்டத்தில் இல்லை. இருபது ஆண்டு விலைவாசி ஏறிய பிறகும் குறைந்தபட்ச அபராதம் அதே 20,000!

இன்னொரு ஓட்டையும் உண்டு. அபாயப் பட்டியலில் இல்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம். ஆலைக்குள் நுழையும் தொழிலாளர் ஆய்வாளர், இரவில் வீடு வீடாகப் போய் எது உதவி, எது கூலிவேலை என்று பிரித்துப் பார்க்க முடியுமா? ஒப்பந்தக்காரர் கொடுத்துவிட்டுப் போகும் வேலையும் 'குடும்பத் தொழில்' என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும்.

தடை போடுவது பாதி வேலைதான். 1996 தீர்ப்பு சொன்ன பெரியவருக்கான வேலையைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். குடும்பத் தொழில் விலக்கை நீக்க வேண்டும். அதுவரை, வேலையில் ஒரு குழந்தையைப் பார்த்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.